போர்த் கடற்கரையின் அடிமரங்கள்

கேள்வி: வேல்ஸ் நாட்டின் அபரிஸ்ட்வித்தில் படிக்கும் என் மகன், அருகிலுள்ள போர்த் என்ற கிராமத்துக் கடற்கரையில் கறுத்த அடிமரங்கள் நிற்கும் படத்தை அனுப்பியிருக்கிறான். கடல் கொண்ட நாடு ஒன்று அங்கே இருந்ததாக ஊரார் சொல்கிறார்களாம். நம் குமரிக்கண்டம் போன்ற கதைதானா?
– வாசகி ஒருவர், செம்பூர், மும்பை

பதில்: நாடு கதை, மரங்கள் மெய். கந்த்ரெர் குவைலோத் என்று அந்நாட்டுக்குப் பெயர். ‘தாழ்நில நூறூர்’ எனத் தமிழாக்கலாம். கரைகட்டிக் காக்கப்பட்ட அந்நாட்டில், ஓதம் ஏறும்போது மதகை அடைக்க வேண்டிய செய்தெனின் என்ற காவலன் ஒருநாள் குடித்துவிட்டுக் கடமையை மறக்க, கடல் உள்ளே புகுந்துவிட்டது என்பதே இன்று வழங்கும் கதை. ஆனால் 1250ஆம் ஆண்டையொட்டி எழுதப்பட்ட ‘கார்மார்தன் கருப்பு நூல்’ என்ற ஏட்டின் பழம்பாடல், பழியை மெரெரிட் என்ற பெண்ணின்மேல் போடுகிறது. குடிகாரக் காவலன் பிற்காலத்து வரவு. (பெண்ணின் தலையிலிருந்து பழி ஒருமுறையேனும் இறங்கியதே!) அந்த ஏடு உங்கள் மகன் படிக்கும் ஊரிலேயே, வேல்ஸ் தேசிய நூலகத்தில் இருக்கிறது.

மரங்களுக்கு வருவோம். ஓக், பைன், பிர்ச் முதலிய மரங்கள் அடர்ந்திருந்த அந்தக் காடு, சுமார் 4,500 முதல் 6,000 ஆண்டுகளுக்கு முன், கடல்மட்டம் உயர்ந்து நிலத்தடி நீர் தேங்கியதால் நின்றபடியே பட்டுப்போனது. மட்கிய தாவரங்கள் சேர்ந்து உண்டான ‘பீட்’ என்னும் கரிமண் அடிமரங்களைப் போர்த்தியது. அதற்குள் காற்றுப் புகாததால் அவை அழுகவில்லை. உங்கள் மகனின் படத்தில் வேர்கள் மண்ணைக் கவ்வியபடியே இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். அந்தக் கரிமண்ணில் மனிதர், விலங்குகளின் காலடித்தடங்களும் கிடைத்துள்ளன; நகரம் எதுவும் கிடைக்கவில்லை. அபரிஸ்ட்வித்துக்கும் போர்த்துக்கும் இடையே கடலுக்குள் நீளும் கல்வரிசையை மூழ்கிய நாட்டின் மதில் என்று காட்டுவார்கள். அது பனியூழிப் பனியாறு விட்டுச்சென்ற கற்குவியலே. மரமும் கல்லும் கண்ணெதிரே கிடக்கும்போது கதை பிறக்காமல் இருக்குமா?

ஊரும் அந்தக் கதைக்கு ஏற்றதுதான். கூழாங்கல் மேட்டின்மேல் ஒரே நீளத் தெரு. ஒருபுறம் கார்டிகன் வளைகுடா, மறுபுறம் கோர்ஸ் வோக்னோ என்னும் பெருஞ்சதுப்பு. மீனவரும் மாலுமிகளும் வாழ்ந்த இவ்வூருக்கு 1863இல் ரயில் வந்தது. விடுமுறைக் கூட்டமும் வந்தது. 1876இல், டைபாய்டுக்கு அஞ்சி, இங்கிலாந்தின் அப்பிங்ஹம் பள்ளி முழுவதுமே இங்கே குடிபெயர்ந்து ஓராண்டளவு தங்கியது.

மூழ்கிய காட்டைப் பார்க்க மும்பைக்காரர் வேல்ஸ் வரை போகவேண்டியதில்லை என்று எழுத ஆசைதான். 1870களில் மும்பையில் பிரின்சஸ் டாக் என்னும் கப்பல்துறை தோண்டப்பட்டபோது, சேற்றுக்கடியில் 300க்கும் மேற்பட்ட மரங்களின் எச்சங்கள், பல நின்ற நிலையிலேயே, வெளிப்பட்டன. ஆனால் அங்கே பிறகு கப்பல்துறை வந்துவிட்டது. பார்க்க ஏதுமில்லை, கதையும் பிறக்கவில்லை.

உங்கள் மகனை, ஓதப் பட்டியலைப் பார்த்துக் கடல் நன்றாக வற்றும் வேளையில், அதுவும் குளிர்காலப் புயலுக்குப் பிறகு மீண்டும் போகச் சொல்லுங்கள். 2014இன் தொடக்கத்தில் வீசிய புயல்கள் மணலை அரித்துச் சென்றபோது, அதுவரை மறைந்திருந்த அடிமரங்கள் பலவும் வெளியே தெரிந்தன.