மூன்றில் ஒரு பங்கு பிளேன்

தம்பி, கனடா வந்து இரண்டு வருசம், பி.ஆர். (நிரந்தர வதிவிட உரிமை) கிடைத்துவிட்டது, ஸ்காபரோவில் பேஸ்மென்ட் வாடகை, வெயர்ஹவுஸில் இரவு வேலை, மணித்தியாலத்துக்கு 23 டொலர் என்று எழுதியிருந்தீர். எங்களைப் போன்ற ஆட்கள் இங்கே சின்னப் பிளேன் ஓட்டப் பழகலாமா, சொந்தமாக ஒன்று வைத்திருக்கலாமா, இல்லாவிட்டால் இது காசுக்காரரின் விளையாட்டா என்று கேட்டீர். நான் இன்றைக்கும் ஒரு உதிரிப்பாகத் தொழிற்சாலையில் மெஷினுக்குப் பக்கத்தில் நிற்கிறவன். செஸ்னா 150 என்பது இரண்டு பேர் ஏறுகிற சின்னப் பிளேன்; 1974ஆம் ஆண்டில் செய்த ஒன்றில் எனக்கு மூன்றில் ஒரு பங்கு இருக்கிறது. அந்தக் கணக்கைத்தான் சொல்லப்போகிறேன்.

முதலில் பழகுகிற செலவு. தனியார் விமானி லைசன்ஸுக்குச் சட்டப்படி குறைந்தது 45 மணித்தியாலம் பறக்கவேண்டும். அதற்குள் முடித்த ஆளை நான் கண்டதில்லை. 60, 70 என்று இழுக்கும். ரொறன்ரோ பக்கத்தில் இப்போது 20,000 டொலருக்கு மேல் எடுத்து வையும். அதைக் கேட்டுத் தலை சுற்றினால் பொழுதுபோக்கு விமானி அனுமதி என்று இன்னொன்று இருக்கிறது. அதற்கு 25 மணித்தியாலம் போதும். பகலில் மட்டும், கனடாவுக்குள் மட்டும், ஒரே ஒரு ஆளை ஏற்றிக்கொண்டு பறக்கலாம். சனிக்கிழமை பின்னேரம் மனுசியை ஏற்றிக்கொண்டு ஏரிகளுக்கு மேலாலே ஒரு சுற்றுப் போய்வர வேறென்ன வேண்டும்? நானும் அதில்தான் தொடங்கினேன். அந்த மணித்தியாலங்கள் பிறகு பெரிய லைசன்ஸுக்கும் கணக்கில் சேர்ந்தன.

ஒரு சதம் செலவழிக்க முதல் மருத்துவச் சோதனையை முடித்துவிடும். எங்கள் ஆட்களுக்குச் சீனி வருத்தமும் பிரஷரும் நாற்பதிலேயே வந்துவிடுகிறது. பாதிக் காசு கட்டிய பிறகு டொக்டர் ஏலாது என்று தலையாட்டினால் அழுதும் பிரயோசனமில்லை.

நான் விட்ட பெரிய பிழை ஒன்று. கையில் காசு வர வர, மாதம் ஒரு பாடம் என்று போனேன். போன மாதம் படித்தது இந்த மாதம் கையில் இருக்காது. அரைப் பாடம் பழையதை ஞாபகப்படுத்துவதிலேயே போய்விடும். பதினைந்து, இருபது மணித்தியாலத்தில் மற்றவர்கள் தனியாக ஏறிப் பறக்க, எனக்கு 31 ஆனது. நீர் அப்படிச் செய்யவேண்டாம். ஒன்றரை வருசம் வாயைக் கட்டிச் சேர்த்துவிட்டு, மே மாதம் தொடங்கிக் கிழமைக்கு இரண்டு தரம் போம். ஆனால் சேர்த்த காசை மொத்தமாகப் பள்ளியிடம் கட்டாதேயும், கழிவு தருகிறோம் என்றாலும்கூட. நான் முற்பணம் கட்டிய ஒரு இடம் ஒரு குளிர்காலத்தில் பூட்டுப்பட்டு, 1,400 டொலர் காற்றிலே போனது.

இனிப் பிளேன். இதில்தான் எல்லாரும் பிழையான இடத்தைப் பார்க்கிறார்கள். வாங்குகிற விலை பெரிய விசயமில்லை. நாங்கள் 2017இல் 27,000 டொலருக்கு வாங்கினோம், ஆளுக்கு 9,000. தனி ஆளிடம் வாங்கினாலும் ஒன்ராறியோவில் 13 வீத வரி உண்டு, அதையும் சேர்த்துக்கொள்ளும். இப்போது விலை நல்லாய் ஏறிவிட்டது. பழைய டொயோட்டா வாங்குவது மாதிரி இல்லை, அதே நேரம் மோட்கேஜ் மாதிரியும் இல்லை.

காசைத் தின்பது அது சும்மா நிற்கிற நேரம். கட்டி வைக்க இடம், இன்சூரன்ஸ், வருடாந்தச் சோதனை, சில்லறைத் திருத்தம் எல்லாம் சேர்ந்து எங்களுக்கு வருசம் 6,000 டொலர் அளவில் வருகிறது. நீர் ஏறினாலும் ஏறாவிட்டாலும் அது வரும். பறக்கும்போது மணித்தியாலத்துக்கு 22 லீற்றர் பெற்றோல், கிட்டத்தட்ட 50 டொலர். அதோடு என்ஜினுக்கென்று 20 டொலரை ஒதுக்கி வைக்கிறோம், ஏனென்றால் 1,800 மணித்தியால அளவில் அந்த என்ஜினைப் பிரித்துப் புதுப்பிக்கும் நாள் வரும். அதே பிளேனை வாடகைக்கு எடுத்தால் மணித்தியாலம் 180 என்று வையும். அப்ப ஒவ்வொரு மணித்தியாலமும் 110 மிச்சம். 6,000ஐ 110ஆல் பிரித்துப் பாரும். வருசம் 55 மணித்தியாலம் பறக்காதவன் தனியாகப் பிளேன் வாங்கினால் வாடகைக்காரனிடம் தோற்றுவிட்டான்.

மூன்று பேராகப் பிரித்தால் கதை மாறும். என் பங்கு 2,000. நான் பறக்கிற 40 மணித்தியாலத்துக்கு 2,800. மாதத்துக்கு 400 டொலர். மாதத்தில் இரண்டு ஓவர்டைம் ஷிஃப்ட். சாமத்தியவீட்டு மண்டபத்துக்கு ஒரே இரவில் கொடுக்கிற காசை நினைத்துப் பார்த்தால்... சரி, அதை விடுவோம்.

எங்களுக்குச் சீட்டுப் பிடிக்கத் தெரியும்தானே? இதுவும் சீட்டுத்தான், ஆனால் நம்பிக்கையில் நடத்தவேண்டாம். ஒருவர் விலகினால் அவர் பங்கை எப்படி விற்பது, எத்தனை மாதம் பொறுப்பது, திருத்தத்துக்குக் காசு கட்டாவிட்டால் என்ன என்று எல்லாவற்றையும் எழுதிக் கையெழுத்து வையும். எங்கள் கூட்டில் ஒருவர் அல்பேர்ட்டா போனபோது எட்டு மாதம் அவர் பங்கும் எங்கள் தலையில். அந்த எட்டு மாதத்துக்குள்தான் ஒரு சிலிண்டரும் போனது, 3,500 டொலர்.

வாங்க முதல் உமக்கு வேலை செய்கிற ஒரு மெக்கானிக்கைக் கொண்டு பிரித்துப் பார்ப்பியும். விற்பவரின் மெக்கானிக் வேண்டாம். பல வருசம் பறக்காமல் நின்ற பிளேன் குறைந்த மணித்தியாலம் காட்டும், உள்ளே துரு இருக்கும். நாங்கள் முதலில் ஆசைப்பட்ட ஒன்று வெளியில் பெயின்ற் மினுங்கியது, இறக்கைக்குள் அரிப்பு.

'உரிமையாளர் பராமரிப்பு' என்று கனடாவில் ஒரு வகையும் உண்டு. பழைய சின்னப் பிளேன்களை உரிமையாளரே திருத்திக் கையெழுத்து வைக்கலாம். கை வேலை தெரிந்தவனுக்கு நல்ல மிச்சம். ஆனால் அதோடு அமெரிக்காவுக்குள் பறக்க முடியாது, விற்கும்போது விலையும் விழும். எங்கள் கூட்டில் மூன்று வருசமாக இதே சண்டை, இன்னும் முடியவில்லை.

பிளேனை ரொறன்ரோவுக்குள் வைக்க நினைக்கவேண்டாம். பட்டன்வில் விமானத்தளத்தை 2023 நவம்பரில் மூடிவிட்டார்கள், கிட்ட இருக்கிற இடங்களில் நெருக்கடி. நாங்கள் லின்ட்சே பக்கம் வைத்திருக்கிறோம், ஒரு மணித்தியாலத்துக்கு மேல் கார் ஓட்டம். பிள்ளைகள் பிறந்து பன்னிரண்டு வயதானால் ஏர் கடெற் என்கிற பிள்ளைகளுக்கான விமானப் பயிற்சி அணியில் சேர்த்துவிடும். கெட்டிக்காரப் பிள்ளைக்கு லைசன்ஸ் வரைக்கும் உதவித்தொகையே கிடைக்கும்.

நீர் கேட்காத ஒன்றையும் சொல்லவேண்டும். உம் வயது எனக்குத் தெரியாது, ஆனால் ஊரில் சண்டைக்குள் வளர்ந்த என் வயதுக்காரருக்குச் சின்னப் பிளேன் சத்தம் என்றால் பங்கருக்குள் ஓடுகிற சத்தம். இலங்கை விமானப்படை குண்டு போடக் கொண்டு வந்த, சியாமாச் செட்டி என்று நாங்கள் பயந்து பெயர் வைத்தது இத்தாலிக்காரன் பயிற்சிக்கென்று செய்த விமானம். முதல் பாடத்தில் என்ஜின் பிடித்ததும் என் கை நடுங்கியது, பயிற்றுநர் பையன் குளிர் என்று நினைத்து ஹீற்றரைப் போட்டான். எத்தனையாவது பாடத்தில் அது நின்றது என்று தெரியவில்லை.

பனி கரையட்டும், ஏப்ரலில் ஒரு ஞாயிறு லின்ட்சே வாரும், ஏற்றிக் காட்டுகிறேன், காசு வேண்டாம். உம் நிறையை மட்டும் உண்மையாய்ச் சொல்லும். பெற்றோல் ராங்க் நிறைய அடித்தால் ஆட்களுக்கு மிஞ்சுவது 160 கிலோ அளவில்தான், அதில் நான் 86.