ஓர் ஏக்கரை விற்றுப் படிக்க வைக்கலாமா?

கேள்வி: காங்கேயம் அருகே பிஏபி (பரம்பிக்குளம்–ஆழியாறு திட்டம்) பாசனத்தில் மூன்று ஏக்கர் தோட்டம், நான்கு கறவை மாடுகள். மகள் பி.எஸ்சி. விவசாயம் முடித்துவிட்டாள். கோவையில் ஒரு தனியார் பல்கலைக்கழகத்தில் எம்.எஸ்சி. உழவியலுக்கு இடம் கிடைத்திருக்கிறது. இரண்டு வருடத்துக்கு எல்லாம் சேர்த்து 6 லட்சம் ஆகும். ஓர் ஏக்கரை விற்பதா, நகையை அடகு வைப்பதா?

பதில்: இரண்டும் வேண்டாம். ஓர் ஏக்கரை மட்டும் பிரித்துக் கொடுத்தால் கிணற்றுப் பங்கையும் வண்டித் தடத்தையும் சேர்த்தே கொடுக்க வேண்டிவரும். மிச்சமிருக்கும் இரண்டு ஏக்கரின் மதிப்பும் அதோடு இறங்கும். நகைக்கடனோ பெரும்பாலும் ஒரு வருடக் கெடு. பாதிப் படிப்பில் மீட்டுத் திருப்பி வைக்க அலைவீர்கள். வட்டி குறைவு என்று விவசாய நகைக்கடனை வாங்கிக் கல்லூரியில் கட்டுவது நம் பக்கம் நடப்பதுதான். ஆனால் அது பயிர்ச் செலவுக்குத் தரும் பணம்.

கல்விக்கடன் கேளுங்கள். 7.5 லட்சம் வரை பொதுவாக வங்கிகள் சொத்து அடமானம் கேட்பதில்லை. படிக்கும் காலமும் அதன்பின் ஒரு வருடமும் தவணை கிடையாது. ஆனால் வட்டி ஓடிக்கொண்டேதான் இருக்கும். பலரும் கோட்டைவிடும் இடம் இது.

ஆறு மாதப் படிப்புப் பருவத்துக்கு 1.5 லட்சமாக வங்கி பணம் விடுகிறது, வட்டி 10 சதவீதம் என்று வையுங்கள். முதல் ஆறு மாதம் மாத வட்டி 1,250 ரூபாய். பிறகு 2,500, 3,750, கடைசியில் 5,000. கட்டாமல் விட்டால் மூன்று வருட முடிவில் 1,35,000 ரூபாய் அசலில் ஏறிவிடும். ஏழு வருடத் தவணை மாதம் சுமார் 12,200 ஆகும். வட்டியை அவ்வப்போது கட்டிவிட்டால் 9,960தான். சொசைட்டியின் பால் பட்டுவாடாவில் ஒரு பகுதியை இதற்கென்று ஒதுக்கிவிடுங்கள். கடன் மகள் பெயரில் இருப்பதால், அவள் சம்பாதிக்கும்போது பழைய வருமான வரி முறையில் வட்டிக்குக் கழிவும் கிடைக்கும்.

பணம் கட்டும் முன் ஒன்றைக் கையோடு கேட்டுவிடுங்கள்: ஐசிஏஆர் (இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகம்) அங்கீகாரம் இருக்கிறதா? கல்லூரிக்கு என்று பொதுவாகச் சொன்னால் போதாது. இந்த எம்.எஸ்சி. பிரிவுக்கு, எந்த வருடம் வரை என்று எழுத்தில் வாங்குங்கள். அங்கீகாரம் இல்லையென்றால், முனைவர் பட்டத்துக்கு அரசு வேளாண் பல்கலைக்கழகத்தை நாடும்போது அது குறுக்கே நிற்கலாம்.

மகளிடம் நீங்கள் இன்னும் கேட்காத கேள்வி ஒன்று உண்டு. எதற்காக எம்.எஸ்சி.? ஆராய்ச்சி, கல்லூரி ஆசிரியர் பணி என்றால் அது இல்லாமல் ஆகாது, கடன் வாங்கலாம். பொதுத்துறை வங்கியில் வேளாண் கள அலுவலர் ஆவதுதான் ஆசை என்றால், அதற்கு ஐபிபிஎஸ் (வங்கிப் பணிக்கு ஆள் எடுக்கும் அமைப்பு) நடத்தும் தேர்வுக்குக் கையிலிருக்கும் நான்கு வருடப் பட்டமே போதும். உரக்கடை உரிமத்துக்கும் அப்படியே. முதலில் ஒருமுறை அந்தத் தேர்வை எழுதட்டும்.