ட்ரெய்லர் கட்டுனா ஜீப்பு கொதிக்குது, புது ரேடியேட்டர் வாங்கலாமா?

கேள்வி: அண்ணா, பாலக்கோடு பக்கத்துல இருக்கேன். 98 மாடல் போர் வீல் டீசல் ஜீப்பு, சின்ன ட்ரெய்லர் கட்டி தக்காளி பெட்டி ஏத்திகிட்டு ராயக்கோட்டை வழியா ஓசூர் போவேன். வண்டிய தனியா ஓட்டுனா ஒண்ணும் இல்ல, லோடோட மேடு ஏறுனா முள்ளு சிவப்புக்கு போயிருது. மெக்கானிக் தெர்மோஸ்டாட்ட கழட்டி வீசிட்டாரு, அப்பவும் அதே கதைதான். கடையில நாலு லைன் (நாலு வரிச குழாய்) அலுமினியம் ரேடியேட்டர் போடுங்கன்னு 14,000 கேக்கறாங்க. போடலாமா?

பதில்: அந்த 14,000 இப்போதைக்கு உங்க பாக்கெட்லயே இருக்கட்டும் தம்பி. மொதல்ல, கழட்டுன தெர்மோஸ்டாட் எடத்துல ஒண்ணு வாங்கி மாட்டுங்க, இஞ்சின் சூடானதும் தண்ணிய ரேடியேட்டருக்கு தொறந்து விடற வால்வு அது. அது இல்லன்னா கூலா ஓடும்னு நம்ம ஊர்ல பாதி பேர் நம்பறாங்க, ஆனா நெறைய பழைய இஞ்சின்ல அது தொறக்கும்போதுதான் பைபாஸ் வழி அடைபடும், எடுத்துட்டா கொஞ்சம் தண்ணி ரேடியேட்டர் பக்கமே போகாம உள்ளயே சுத்திட்டு இருக்கும். புதுச மாட்டறதுக்கு முன்னாடி ஒரு பழைய பாத்திரத்துல தண்ணிய சூடு பண்ணி போட்டு பாருங்க, மேல அடிச்சிருக்க டிகிரி வாக்குல வாய தொறக்கணும்.

எனக்கு பெரிய சந்தேகம் நீங்க ரேடியேட்டர்ல ஊத்தற போர்வெல் தண்ணி மேலதான். வெந்நீர் அண்டா அடியில வெள்ளையா பொருக்கு கட்டுமே, அதேதான் ரேடியேட்டர் குழாய்க்குள்ளயும். காலி வண்டிக்கு பாதி குழாய் போதும், லோடு இழுக்கும்போதுதான் பத்தாது. நல்லா ஓட்டிட்டு வந்து இஞ்சின ஆப் பண்ணி, ரேடியேட்டர் மேல புறங்கைய கிட்ட கொண்டு போய் பாருங்க, நடுவுல எங்கயாச்சும் ஜில்லுனு இருந்தா அங்க அடைச்சிருக்குன்னு அர்த்தம். உங்களது செம்பு பித்தளையா இருந்தா மேல் டேங்க பிரிச்சு ராடு விட்டு குத்தி குடுப்பாங்க, இல்லன்னா கோர் (நடுவுல இருக்க குழாய் பகுதி) மட்டும் மாத்தலாம், ரெண்டுமே புதுசு வாங்கறத விட கம்மிதான்.

அப்புறம் பேன். மேட்டுல 20, 25ல போறப்ப எதிர்காத்து ஏது, பேன்தான் எல்லாம். அத சுத்தி இருக்க கவர் இருக்கா பாருங்க, பழைய ஜீப்புல பாதிக்கு மேல எவனாச்சும் கழட்டி போட்டிருப்பான், அது இல்லன்னா ரேடியேட்டர் வழியா வராம பக்கத்து காத்தையே திரும்ப திரும்ப இழுக்கும். கிரில்லுக்கு முன்னாடி எக்ஸ்ட்ரா லைட்டு, கம்பின்னு கட்டியிருந்தா அதையும் எடுத்துருங்க.

ரேடியேட்டர் மூடிய யாரும் மதிக்கறதில்ல. ஓசூர் கிட்டத்தட்ட 900 மீட்டர் உயரம், அங்க வெறும் தண்ணி 97 டிகிரியிலயே கொதிச்சிரும். மூடி பிரஷர பிடிச்சு வச்சாத்தான் கொதிநிலை மேல போகும், ரப்பர் செத்திருந்தா அவ்ளோதான். மாத்துனா பழசுல இருந்த அதே பிரஷர் நம்பர் போடுங்க, ஜாஸ்தி போட்டா பழைய குழாய் வெடிக்கும். கூலன்ட் வாங்கறப்ப லேபிள படிங்க, ரெடிமிக்ஸ்ல தண்ணி கலக்கக்கூடாது, கான்சென்ட்ரேட்னா பாதிக்கு பாதி டிஸ்டில்டு வாட்டர். நெறம் ஒண்ணா இருக்குன்னு நம்பி ஒண்ணோட ஒண்ணு கலக்காதீங்க.

இதெல்லாம் பண்ணியும் ஏறுச்சுன்னா, காலையில இஞ்சின் ஜில்லுனு இருக்கும்போது மூடிய தொறந்து வச்சு ஸ்டார்ட் பண்ணுங்க. நிக்காம குமிழி வந்துட்டே இருந்தா ஹெட் கேஸ்கட் (இஞ்சின் ஹெட்டுக்கு அடியில இருக்க சீல்) போயிருக்கு, எட்டு லைன் ரேடியேட்டர் போட்டாலும் கேக்காது. சூடா இருக்கப்ப மட்டும் அந்த மூடிய தொட்டுறாதீங்க.

ஓட்டறதுலயும் இருக்கு. மூணாவதுல முக்கி முக்கி ஏத்தாம ரெண்டாவதுக்கு வாங்க, இஞ்சின் வேகமா சுத்துனாத்தான் வாட்டர் பம்ப்பும் பேனும் வேல செய்யும். அதுக்காக காஞ்ச தார் ரோட்டுல போர் வீல் லோ போட்டு ஏத்தாதீங்க, இறுக்கி புடிச்சு கியர் பாக்ஸ்க்கு கேடு. முள்ளு ஏறுனா ஓரம் கட்டி உடனே ஆப் பண்ணாம கொஞ்ச நேரம் ஐடில்ல விடுங்க, தண்ணியே இல்லாம போயிருந்தா மட்டும் உடனே ஆப்.

கடைசியில ரேடியேட்டரே வாங்கற மாதிரி ஆனா பில்லுல வாரண்டிய எழுதி வாங்குங்க, பழச சும்மா கடையில விட்டுட்டு வராதீங்க, செம்புக்கு எடைக்கு காசு உண்டு, வெலையில கழிக்க சொல்லுங்க. வாரண்டி இருந்தும் கடைக்காரர் மழுப்புனா 1915க்கு போன் பண்ணுங்க, தேசிய நுகர்வோர் உதவி எண் அது. ஆமா, ட்ரெய்லருக்கு தனியா ரிஜிஸ்ட்ரேஷன் வேணும், பண்ணியிருக்கீங்கல்ல?