மூக்குத் தண்டு வளைவு: ஆபரேஷன் யாருக்குத் தேவை?

கேள்வி: தலைவலிக்காக ஸ்கேன் எடுத்தேன். மூக்குத் தண்டு வளைந்திருப்பதாக ரிப்போர்ட் வந்திருக்கிறது. மூக்கடைப்பு எதுவும் இல்லை. ஆபரேஷன் செய்துகொள்ளலாமா டாக்டர்?

பதில்: வேண்டாம். மூக்குத் தண்டு என்பது இரண்டு துவாரங்களுக்கும் நடுவில் உள்ளே இருக்கும் சுவர். நூல் பிடித்த மாதிரி நேரான தண்டு இருப்பவர்கள்தான் அரிது. ரிப்போர்ட்டில் இருக்கிறது என்பதற்காக ஆபரேஷன் செய்யக் கூடாது. உங்கள் மூச்சு தடைப்படுகிறதா என்பதுதான் கணக்கு. தலைவலிக்கு வேறு காரணத்தைத் தேடுங்கள்.

கேள்வி: சில நேரம் இடது பக்கம், சில நேரம் வலது பக்கம் அடைக்கிறது. இதுவும் வளைவுதானா?

பதில்: வளைவு பக்கம் மாறாது. உள்ளே இருக்கும் டர்பினேட் என்ற சதைதான் சில மணி நேரத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்றி வீங்கும். இது இயல்பானது. அலர்ஜியும் சேர்ந்தால் அடைப்பாகவே தெரியும். டாக்டரிடம் கேட்டு ஸ்டீராய்டு ஸ்ப்ரேயைச் சில வாரங்கள் தினமும் அடித்துப் பாருங்கள். சைலோமெட்டாசோலின் சொட்டு மருந்தை மட்டும் ஒரு வாரத்துக்கு மேல் போடாதீர்கள். அப்புறம் அதுவே அடைப்பை உண்டாக்கும்.

கேள்வி: ஆபரேஷனுக்குத் தேதி குறித்துவிட்டார்கள். மூக்கின் வடிவம் மாறிவிடுமோ என்று பயமாக இருக்கிறது.

பதில்: பயம் நியாயமானதுதான். தண்டின் முன்பகுதி குருத்தெலும்பு, பின்பகுதி எலும்பு. மூக்குத் துவாரத்துக்குள்ளேயே கீறி, மேலே மூடியிருக்கும் சவ்வைப் பிரித்து, வளைந்த இடத்தை மட்டும் நேராக்குவார்கள் அல்லது எடுப்பார்கள். பிறகு சவ்வை அதே இடத்தில் படிய வைப்பார்கள். வெளியே தழும்பு வராது. 1900-களின் தொடக்கத்தில் ஃப்ரீயர், கில்லியன் என்ற டாக்டர்கள் காட்டிய வழியில் குருத்தெலும்பை நிறைய எடுத்தார்கள். சிலருக்கு மூக்கின் நடுப்பகுதி அமுங்கிப்போனது. அதைத் தவிர்க்கத்தான் மேல் விளிம்பிலும் முன் விளிம்பிலும் குறைந்தது 1 செ.மீ. விட்டுவைக்கிறோம். அமுங்குவது இப்போது அரிது. தண்டில் ஓட்டை விழுவது, மேல் முன்பற்கள் கொஞ்ச நாள் மரத்துப்போவது ஆகியவை சிலருக்கு நேரலாம். டர்பினேட்டையும் குறைக்கப் போகிறார்களா என்று இப்போதே கேட்டுக்கொள்ளுங்கள். அதை விட்டுவிட்டால் சிலருக்கு அடைப்பு முழுதாகத் தீராது.

கேள்வி: ஆபரேஷன் முடிந்து மூன்று நாள் ஆகிறது. முன்பைவிட அதிகமாக அடைக்கிறதே சார்?

பதில்: வீக்கம், காய்ந்த ரத்தம், உள்ளே வைத்த சிலிகான் தகடு எல்லாம் சேர்ந்து அடைக்கும். தகட்டைச் சுமார் ஒரு வாரத்தில் எடுப்பார்கள். அதுவரை மூக்கைச் சிந்தாதீர்கள். தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்முங்கள். ஆனால் வலி கூடிக்கொண்டே போனாலோ, காய்ச்சல் வந்தாலோ அன்றைக்கே டாக்டரிடம் போய்விடுங்கள். சவ்வுக்குள் ரத்தம் தேங்கியிருக்கலாம். குருத்தெலும்புக்குச் சொந்த ரத்தக் குழாய் கிடையாது, சவ்விலிருந்துதான் அதற்கு ஊட்டம். இடையில் ரத்தம் தேங்கினால் அது செத்துவிடும்.

கேள்வி: கணவரின் குறட்டை இதனால் நிற்குமா?

பதில்: மூக்கடைப்பால் வருவதென்றால் குறையலாம். தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருகிறதென்றால், முதலில் தூக்கப் பரிசோதனைக்கு அழைத்துப்போங்கள்.