‘ஈவில் டெட் 2’ தொடக்கத்தில் முதல் பாகத்தின் கதை ஏன் மாறியிருக்கிறது?

தொடர்ச்சிப் படங்களின் ஆரம்பத்தில் பழைய கதையைச் சுருக்கிக் காட்டுவதுதான் முன்கதைச் சுருக்கம். வழக்கமாக முதல் படத்தின் காட்சிகளையே வெட்டி ஒட்டுவார்கள். 1987-இல் வந்த ‘ஈவில் டெட் 2’ என்ற ஹாலிவுட் பேய்ப்படத்தில் இயக்குநர் சாம் ரைமியால் அது முடியவில்லை. முதல் படத்தின் உரிமை நாட்டுக்கொரு விநியோகஸ்தரிடம் சிதறிக் கிடந்தது. பூர்வீக நிலத்தை விற்கப் பங்காளிகள் எல்லோரிடமும் கையெழுத்து வாங்கக் கிளம்பின கதைதான்.

சரி, புதிதாகவே எடுத்துவிடலாம் என்று முடிவு செய்தார்கள். பட்ஜெட்டோ சுமார் 35 லட்சம் டாலர், ஹாலிவுட் கணக்கில் சில்லறைக் காசு. அதனால் முதல் படத்தில் காட்டு வீட்டுக்குப் போன ஐந்து பேர், இதில் நாயகன் ஆஷ், அவன் காதலி லிண்டா என்று இரண்டே பேர் ஆனார்கள். லிண்டாவாக நடித்தவரும் வேறு.

வீட்டின் உட்புறத்தை வட கரோலினாவின் வேட்ஸ்பரோவில் ஒரு பள்ளியின் உடற்பயிற்சிக் கூடத்தில் செட் போட்டார்கள். உள்ளே ஒரே புழுக்கம். கிழப்பேய் ஹென்ரியட்டாவாக ரப்பர் உடைக்குள் இருந்தவர் இயக்குநரின் தம்பி டெட் ரைமி. ஒரு காட்சியில் பேயின் காதிலிருந்து தண்ணீர் கொட்டும், கவனித்துப் பாருங்கள். எஃபெக்ட் எல்லாம் இல்லை, அவருடைய வியர்வை!

இது முதல் படத்தின் ரீமேக் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியல்ல: முதல் சில நிமிடங்கள்தான் மறுபடி எடுத்தவை, அப்புறம் ஆஷ்மேல் தீயசக்தி பாயும் இடத்திலிருந்து புதுக்கதை.