1930-இல் இறந்தவர் 1962-இல் இயக்கியது எப்படி?

1930-இல் இறந்ததாகவும் 1962-இல் தொலைக்காட்சித் தொடர் இயக்கியதாகவும் உங்கள் பட்டியலில் ஒரே பெயரின் கீழ் இருப்பவர் ஒருவர் அல்லர், இருவர். 'வோட்வில்' எனும் அமெரிக்கப் பல்சுவை நிகழ்ச்சி மேடைகளில் ஆடிப் புகழ்பெற்று, 1925-இல் நியூயார்க்கில் நடிகை மேரிலின் மில்லருடன் 'சன்னி' இசைநாடகத்தில் நடித்த ஜாக் டானஹ்யூ 1930 அக்டோபரில் காலமானார். 1962-இல் தொடங்கிய 'தி லூசி ஷோ' தொலைக்காட்சித் தொடரின் பல பகுதிகளை இயக்கியவர், 1908-இல் பிறந்த ஜாக் டோனஹ்யூ.

குழப்பத்துக்குக் காரணம் பெரும்பாலும் எழுத்துக்கூட்டல்தான். ஆங்கிலத்தில் குடும்பப்பெயரின் நான்காம் எழுத்து மூத்தவருக்கு 'ஏ', இளையவருக்கு 'ஓ'. இருவரும் நியூயார்க் மேடையில் ஆடியவர்கள் என்பதால், தொகுப்பாளர்கள் எளிதில் ஒன்றாக்கிவிடுகிறார்கள். இளையவரின் பாதையோ முற்றிலும் வேறு: 'சீக்ஃபெல்ட் ஃபாலிஸ்' என்ற நியூயார்க் மேடை நிகழ்ச்சியின் நடனக் குழுவிலிருந்து ஹாலிவுட் சென்று, 1935-இல் குழந்தை நட்சத்திரம் ஷெர்லி டெம்பிளின் 'கர்லி டாப்' படத்துக்கு நடனம் அமைத்து, அதன் பின்னரே இயக்கத்துக்கு வந்தார். நடனத்தில் பழகிய காலக்கணக்கு 'தி லூசி ஷோ' நாயகி லூசில் பாலின் உடல்மொழி நகைச்சுவைக்கு மிகவும் பொருந்தியது என்பது என் கருத்து. அவருடைய உழைப்பு இன்னொருவர் வாழ்க்கைக் குறிப்புக்குள் மறைந்துபோவது வருத்தத்துக்குரியது.

சரிபார்க்க, ஒவ்வொரு பதிவின் ஆண்டையும் பாருங்கள். 1930 அக்டோபருக்குப் பிந்தைய பணிகளை எல்லாம் இளையவர் பெயருக்கு மாற்றிவிடலாம்.

ஆனால் 1920-களின் இறுதியில் இருவருமே மேடையில் இருந்ததால், அக்காலச் செய்தித்தாள் துணுக்குகளில் ஆண்டு உதவாது. அச்சில் வந்த எழுத்துக்கூட்டலையும் முழுமையாக நம்ப இயலாது. அங்கே முதன்மை நடிகரா (மூத்தவர்), குழு நடனக்காரரா (இளையவர்) என்பதைக் கொண்டே முடிவுசெய்யுங்கள்.