ரத்தம் ஊறப் பேரீச்சம்பழம் போதுமா?

கேள்வி: என் மகளுக்கு 14 வயது. ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் 9.2 என்று வந்தது. ‘பேரீச்சம்பழம் கொடு, ரத்தம் ஊறும்’ என்று எல்லோரும் சொன்னார்கள். மூன்று மாதமாகத் தினமும் ராத்திரி பாலில் நான்கு பழம் ஊறவைத்துக் கொடுக்கிறேன். இப்போது பார்த்தால் 9.3தான். பழத்தில் சத்தே இல்லையா? சர்க்கரை நோய் உள்ள என் மாமனார் இதைச் சாப்பிடலாமா?
- ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: பழத்தின் மேல் குறையில்லை, சகோதரி. அதனிடம் இல்லாததை எதிர்பார்க்கிறோம். உங்கள் கடிதத்தைப் படித்ததும், வீட்டிலிருந்த டெக்லெட் நூர் ரகப் பழங்களில் நான்கை எடுத்துக் கொட்டை நீக்கித் தராசில் வைத்தேன். 30 கிராம். இந்த ரகத்தில் 100 கிராமுக்கு இரும்புச்சத்து ஏறக்குறைய 1 மில்லிகிராம். அப்படியானால் நான்கு பழத்தில் 0.3. உங்கள் மகள் வயதுப் பெண்ணுக்கு நாளொன்றுக்கு வேண்டியதோ 30 மில்லிகிராம். ரகத்துக்கு ரகம் கூடக்குறைய இருக்கும். ஆனாலும் இதை மட்டும் நம்ப முடியாது. போதாததற்குப் பாலில் வேறு ஊறவைக்கிறீர்கள். பாலிலுள்ள கால்சியம், இருக்கிற கொஞ்சத்தையும் உடம்பில் சேரவிடாது.

நான் சிறுமியாக இருந்தபோது ‘பழைய இரும்புக்குப் பேரீச்சம்பழம்’ என்று கூவிக்கொண்டு தள்ளுவண்டி வரும். வளைந்த ஆணி, உடைந்த தாழ்ப்பாள் எல்லாம் போட்டு, பேப்பரோடு ஒட்டிக்கொண்ட பழக்கட்டியை வாங்கித் தின்றிருக்கிறேன். அந்த ருசி இன்னும் நாக்கில் இருக்கிறது. பேரீச்சை என்றதும் நமக்கு இரும்பு நினைவுக்கு வர அந்தக் கூவலும் ஒரு காரணமோ என்று தோன்றும்.

சரி, பழத்தில் என்னதான் இருக்கிறது? நார்ச்சத்து 100 கிராமுக்கு 8 கிராம், மலச்சிக்கலுக்கு நல்லது. பொட்டாசியம், எடைக்கு எடை வாழைப்பழத்தைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு. சர்க்கரை 60 கிராமுக்கு மேல். நாள் முழுக்க நோன்பிருந்தவர்கள் முதலில் இதை வாயில் போட்டதும் தெம்பு வருவது அதனால்தான்.

மகள் விஷயத்துக்கு வருகிறேன். 9.2 என்பது சாப்பாட்டால் மட்டும் சரியாகிற அளவு இல்லை. டாக்டரைப் பார்த்து இரும்புச்சத்து மாத்திரை தொடங்குங்கள். மாதவிடாயில் ரத்தப்போக்கு அதிகமா, வயிற்றில் பூச்சி இருக்கிறதா என்றும் கேட்கச் சொல்லுங்கள். காரணத்தை விட்டுவிட்டு மாத்திரை மட்டும் கொடுத்தால் மறுபடி இறங்கும். சாப்பாட்டில் முருங்கைக்கீரைப் பொரியல், கேழ்வரகு அடை, எள்ளுருண்டை, அசைவம் உண்டென்றால் ஆட்டு ஈரல். கூடவே ஒரு நெல்லிக்காயோ எலுமிச்சைச் சாறோ இருக்கட்டும். கீரையிலுள்ள இரும்பை உடம்பு எடுத்துக்கொள்ள அதிலுள்ள வைட்டமின் சி உதவும். டீயைச் சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் தள்ளி வையுங்கள்.

பேரீச்சையை நிறுத்த வேண்டாம். பள்ளி விட்டுப் பசியோடு வரும்போது பிஸ்கட்டுக்குப் பதிலாக இரண்டு பழம், கொஞ்சம் வேர்க்கடலையோடு கொடுங்கள்.

மாமனாருக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருந்தால் ஒன்றிரண்டு சாப்பிடலாம். அன்றைக்கு வேறு இனிப்பு கூடாது. பேரீச்சை சிரப் வேண்டவே வேண்டாம். சிறுநீரகப் பிரச்சினையும் இருந்தால், பொட்டாசியம் காரணமாக டாக்டரைக் கேட்காமல் ஒரு பழம்கூடக் கொடுக்காதீர்கள்.

மாத்திரை தொடங்கி ஒரு மாதம் கழித்து மகளுக்கு மறுபடி ரத்தம் பார்த்துவிட்டு, எவ்வளவு வந்தது என்று எனக்கு எழுதுங்கள்.